ஒன்னு உள்ள

உக்காருங்க தம்பி. அந்தக் கட்டில்ல உக்காருங்க. கயிறு கொஞ்சம் தொய்ஞ்சிருக்கும், ஆளத் தாங்கும், பயப்படாதீக.

கீழ தீக்கமிட்டிக் கொட்டகைக்கு வரச் சொன்னானா தலைவன் மொக்கராசு? சொல்லுவான் சொல்லுவான். ஆளை வரச் சொல்லிட்டு அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டி, குளிச்சு, நெத்தி நெறையத் துந்நூறு பூசிக்கிட்டுத்தான் வீட்ட விட்டே கெளம்புவான். அதுவரைக்கும் நீங்க அந்தத் தகரக் கொட்டகைக்குள்ள வெந்துக்கிட்டுக் கெடக்கணுமா? கம்பம் நடப்போற எடம் இந்தா, எங்க வீட்டுப் பின்னால இருக்குற பாறைதான். எப்படியும் அவன் இங்கதான வந்தாகணும். வரட்டும். போனப் பைக்குள்ள வைங்க, இங்க டவரு எடுக்காது. மலை மறைச்சுக்கிட்டு நிக்குதுல்ல.

கடுங்காப்பி போடுறேன். பால் இல்ல. ஒரு ஆளுக்குன்னு பால் வாங்கி வச்சா அது திரிஞ்சுதான் போகுது.

அதுதான் சைரனா? இம்புட்டுக்காணு இருக்கு. இதுவா ஊரு பூராம் கேக்கும்? வெயில்லயே சார்ஜ் ஏறிக்குமா. சரி. ரேஞ்சு ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே பட்டனத் தட்டிருவாகளா. சரி சரி. நல்லாத்தான் செஞ்சிருக்காக. நான் ஒன்னும் வேணாமுன்னு சொல்லல. கீழ உங்ககிட்டச் சொல்லியிருப்பாக, மேலக்கடைசி வீட்டுக்காரி மட்டும் மறிக்கிறான்னு. நான் எங்க மறிச்சேன்? கூட்டத்துல நான் கேட்டது ஒன்னே ஒன்னு. அது ஊதும், சரி. ஊதுனதுக்கப்பறம், யாரு இருக்கா யாரு இல்லன்னு அது கேக்குமா? கேக்குமான்னுதான் கேட்டேன்.

சிரிக்கிறீக. அன்னைக்கு ஃபாரஸ்ட் கார்டும் இப்படித்தான் சிரிச்சாரு. மொக்கராசு மட்டும் சிரிக்கல. அவன் தரையப் பாத்துக்கிட்டு இருந்தான்.

உங்களுக்கு எங்க ஊரு வழக்கம் தெரியாதுல்ல, அதான் சிரிக்கிறீக. இங்கிட்டுப் பாருங்க. மலைக்கு அடியில வகிடு எடுத்தாப்புல வெறுந்தரையா ஒரு கோடு ஓடுது தெரியுதா? அதுதான் தீக்கோடு. கோட்டுக்கு அங்கிட்டு கெவர்மெண்டு காடு. இங்கிட்டு நாங்க. தையில அறுப்பு முடிஞ்ச கையோட வீட்டுக்கு ஒரு ஆளு போயி, அந்தக் கோட்டுல கெடக்குற புல்லு, சருகு, உண்ணிச்செடி அம்புட்டையும் செதுக்கிக் கூட்டி வெறும் மண்ணாக்கிப்புடுவாக. பங்குனி வெயில்ல மேல எங்கயாச்சும் தீ விழுந்து இறங்கி வந்துச்சுன்னா, இந்தக் கோட்டுல நின்னுக்கிட்டு நாங்களும் ஒரு தீ வைப்போம். மலையப் பாத்து. நாம வச்சது கீழ இருந்து ஏறும், அது மேல இருந்து இறங்கும், நடுவுல ரெண்டும் முட்டிக்கும். பெறகு எரியிறதுக்கு ஒன்னும் இருக்காது, ரெண்டும் படுத்துரும். எதிர்த்தீன்னு பேரு. ஊரு தப்பிக்கிறது அதுனாலதான்.

ஆனா கோட்டுக்கு அங்கிட்டு ஒரு ஆளு இருந்துட்டா? வெறகுக்குப் போயிருப்பாக. ஆட்டுக்குப் பின்னால போயிருப்பாக. மேலயும் தீ, கீழயும் தீ. அவுகள நாமளே நடுவுல போட்டுக் கொளுத்துன கணக்கு. அதுக்குத்தான் கூப்புடுறது.

கமிட்டித் தலைவன் இந்தப் பாறை மேல ஏறி நின்னு, கீழக்கடைசியில இருந்து வீடு வீடாக் கூப்புடுவான். தாளு பேப்பரு ஒன்னும் கெடையாது, எல்லாம் மனசுலதான். "தவசி வீடு"ம்பான். தவசி வீட்டுல யாராச்சும் ஒரு ஆளு சத்தங்கொடுக்கணும், "நாலும் உள்ள"ன்னு. எங்க வீட்டுல நாலு உசுரு, நாலும் கோட்டுக்கு உள்ள பத்திரமா இருக்குன்னு அர்த்தம். அடுத்த வீடு. "ஆறும் உள்ள." அதுக்கடுத்த வீடு. இப்படியே மேல ஏறி வரும். ஒரு வீடு பதில் சொல்லலைன்னா, அது சொல்ற வரைக்கும் எவனும் தீக்குச்சிய உரசக் கூடாது. காடே இறங்கி வந்தாலும் சரி. யாரு போட்ட சட்டமோ தெரியாது, நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்பவே இருந்துச்சு.

எங்க வீடு மேலக்கடைசி. அதுனால கூப்புடுறதும் கடைசி. எங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லிக் கூப்புடுவாக. அவரு தொண்டையக் கனைச்சுக்கிட்டு, மலையில மோதித் திரும்பி வர்ற மாதிரி "ரெண்டும் உள்ள"ம்பாரு. பாறை இங்க இருக்கு, வீடு இங்க இருக்கு. கையெட்டுற தூரத்துல நிக்கிறவனுக்கு எதுக்கு இம்புட்டுச் சத்தமுன்னு நான் ஒருதரம் கேட்டேன். "அடியே, ரெண்டுன்னு சொல்றத எதுக்கு மெதுவாச் சொல்லணும்"ன்னாரு. கிறுக்கு மனுசன். புள்ளைகுட்டி இல்லைங்கிற கொறைய ஒருநாளும் என்கிட்டக் காட்டுனதில்ல.

முந்தின வருசம் ஐப்பசியில போயிட்டாரு. நெஞ்சக் கரிக்குதுன்னாரு, தண்ணி கேட்டாரு. செம்ப எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள... சரி விடுங்க. நீங்க குடிங்க, ஆறிப்போகுது. இனிப்பு போதுமா?

அதுக்கு அடுத்து வந்த தையிலதான் எனக்கு வயித்தெரிச்சல் ஆரம்பிச்சது. கோடு செதுக்கப் போகணும்ல, நான் அருவாளத் தீட்டி வச்சுட்டேன். எங்க வீட்டுல இனி நான்தான ஆளு. மொக்கராசு வர்றான். எனக்குக் கொழுந்தன் மொறை, எங்க வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். "மதினி, இந்த வருசம் நீங்க வர வேணாம். முழங்கால் வேற சரியில்ல உங்களுக்கு. உங்க வீட்டுப் பங்க நாங்க பிரிச்சுச் செதுக்கிக்கிறோம்"ங்கிறான்.

நான் கேட்டேனா தம்பி? எனக்கு முடியலன்னு நான் போயி இவன்கிட்டச் சொன்னேனா?

உங்களுக்கு அது என்னன்னு தெரியாது. கோடு செதுக்குற நாளுகள்ல ஊரே அங்கதான் கெடக்கும். ஒரே அண்டாவுல ஆக்கி, தேக்கெலையில போட்டு, வரிசையா உக்காந்து திம்பாக. யாரு மருமக யாரோட பேசல, யாரு வீட்டுல பொண்ணு பாக்க வந்தாக, எல்லாக் கதையும் அங்கதான் அவுரும். வருசம் பூராம் பேசாதவுகளும் அங்க பேசிக்குவாக. அதுக்கு வர வேணாமுங்கிறான். முழங்காலாம். முழங்காலு வச்சா சோறு திங்கிறோம்?

மத்தியானம் தூக்குவாளியில சோறும் கறிக்கொழம்பும் போட்டு அவன் பொண்டாட்டி சுருளியம்மா கையில கொடுத்து விட்டிருந்தான். வெயில்ல ஏறி வந்து நிக்கிறா, மூஞ்செல்லாம் கரி. "அக்கா, உங்களுக்குன்னு ஈரல் எடுத்து வச்சேன்"ங்கிறா. நான் வாங்கல. கதவச் சாத்திட்டேன். சோத்துக்கு வழியில்லாமலா நான் உக்காந்திருக்கேன்? அவ கொஞ்ச நேரம் நின்னுட்டு எறங்கிப் போனா. நான் பின்வாசல் வழியா வந்து இந்த எடத்துலதான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கீழ அவுக சிரிக்கிற சத்தம் இங்க வரைக்கும் வருது. என்னத்தச் சொல்லிச் சிரிக்கிறாகங்கிறதுதான் கேக்கல.

அன்னையில இருந்து அவுக யாரும் என்கிட்டப் பேசுறதில்ல. அதாவது, பேச வந்தாக. நான் பேசல. ரெண்டு மூணு வாட்டி வந்து பாத்தாக, பெறகு வர்றத விட்டுட்டாக. பாத்தீகளா, அம்புட்டுத்தான் அவுக பாசம். மெனக்கெட்டு நாலாவது வாட்டி வந்திருந்தா நான் என்ன கடிச்சா வச்சிருப்பேன்?

தீ வந்தது பங்குனியில. எப்படி விழுந்துச்சுன்னு தெரியாது. பீடின்னாக, எவனோ மாட்டுக்குப் புதுப்புல்லு மொளைக்கட்டுமுன்னு வச்சுட்டான்னாக. ஃபாரஸ்ட்டுக்காரவுக இன்னமும் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்காக. அன்னைக்குக் காலையில நான் அருவாளும் கயிறும் எடுத்துக்கிட்டு வெறகுக்கு மேல ஏறுனேன். கோட்டத் தாண்டுறப்ப சுருளியம்மா பாத்துட்டு, "வெறகுக்கா அக்கா"ன்னா. நான் பதில் சொல்லல. ஒரு கட்டுச் சேத்திருப்பேன், காத்துல பொகை வாடை. சரி நமக்கெதுக்கு வம்புன்னு எறங்கிட்டேன். வந்த பாதையில வரல, ஓடைப் பாதையில எறங்குனேன். அது சுத்துத்தான், ஆனா எதுத்தாப்புல ஒரு மூஞ்சியும் வராது. அந்தா, புங்கமரம் ரெண்டு நிக்குது பாருங்க, அதுக்குக் கீழ ஓடையில எப்பவும் முட்டளவு தண்ணி கெடக்கும். அது கோட்டுக்கு உள்ள. நல்லா உள்ள. கட்ட எறக்கி வச்சுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு, காலத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்தேன்.

அப்பத்தான் பாறையில இருந்து மொக்கராசு சத்தம் கேட்டுச்சு. நிமிந்து பாக்குறேன், மேல முகட்டுல இருந்து பொகை மடிஞ்சு மடிஞ்சு எறங்குது.

நான் ஒவ்வொரு வீடாக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். ரொம்ப நாளாச்சுல்ல அவுக கொரலையெல்லாம் கேட்டு. அந்தா அது மாமன், அந்தா அது மருமகன்னு ஒன்னொன்னா அடையாளம் வச்சுக்கிட்டு இருந்தேன். "தவசி வீடு"ன்னான். தவசி சத்தம் வந்துச்சு, "அஞ்சும் உள்ள."

அஞ்சு. நாலு இல்ல. அவன் பொண்டாட்டிக்குப் புள்ள பொறந்துருச்சு தம்பி, எனக்குத் தெரியல. என் கல்யாணத்துக்குப் பெறகு இந்த ஊர்ல பொறந்த ஒவ்வொரு புள்ளைக்கும் நான்தான் மொதல்ல நாக்குல சேனைத்தண்ணி தொட்டு வச்சிருக்கேன். அந்தத் தவசிக்கே நான்தான் வச்சேன். ஒரு உசுரு வந்திருக்கு, அத ஊரு தீ வைக்கிறப்பத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?

அப்படியே ஏறி வந்து கடைசியில எங்க வீடு. எங்க வீட்டுக்காரர் பேரத்தான் சொல்லுவான்னு நெனைச்சேன். அதுக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னுதான் பதறிக்கிட்டு இருந்தேன். அவன் கொஞ்சம் நிறுத்துனான். நிறுத்திட்டு, "பவுன்தாயி வீடு"ன்னான்.

பவுன்தாயி நான்தான். எம் பேர நான் கேட்டு எம்புட்டு வருசமாச்சுன்னு நெனைக்கிறீக? இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து நான் இன்னார் பொண்டாட்டி, இல்லாட்டி மதினி, அக்கா, சின்னாத்தா. ரேஷன் கடைக்காரன் ஒருத்தன்தான் எம் பேரச் சொல்லுவான், அவனும் மூஞ்சியப் பாக்காமச் சொல்லுவான். இவன் பாறை மேல ஏறி நின்னு சொல்றான். எம் பேரு மலையில போய் முட்டித் திரும்பி வருது.

நான் வாயத் தொறந்தேன் தம்பி. பொய் சொல்லல. "ஒன்னு" வரைக்கும் வாயில வந்துருச்சு. பெறகுதான் நெனைச்சேன். ஊரே நாலு, அஞ்சு, எட்டு, ஒம்போதுன்னு கத்திட்டு நிக்கிது. அம்புட்டு பேரும் காதக் கொடுத்துக்கிட்டு நிக்கிறப்ப நான் "ஒன்னு உள்ள"ன்னு கத்தணும். எனக்கு வெக்கமா இருந்துச்சு. அழுகை அழுகையா வந்துச்சு. மத்த வீட்டுல ஒரு ஆளு விட்டுட்டா இன்னொரு ஆளு சொல்லும். என் வீட்டுல நான் சொல்லலைன்னா யாரும் சொல்ல மாட்டாக. அது அன்னைக்குத்தான் எனக்கு ஒறைச்சது.

அதுக்குள்ள மறுபடி கூப்புட்டான். இந்த வாட்டி கொரல் மாறிப்போச்சு அவனுக்கு. "மதினி"ன்னு சேத்துக் கூப்புடுறான். "பவுன்தாயி மதினீ." வீடு பூட்டிக் கெடக்குறது பாறையில இருந்தே தெரியும்ல. சுருளியம்மா காலையில நான் மேல ஏறுனதச் சொல்லியிருப்பா போல. அவ கத்துறா, "அக்கா, அக்கா"ன்னு. பெறகு பொம்பளைக அம்புட்டு பேரும் கத்துனாக. அத்தைங்கிறாக, சின்னாத்தாங்கிறாக, பவுனக்காங்கிறாக. எனக்கு இம்புட்டு மொறையும் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. ஒரு கெழவன், என்கூட வரப்புச் சண்டையில வாய விட்டவன், அவன் ஒத்தக் கொரலுல "தாயீ, தாயீ"ங்கிறான்.

நான் அப்படியே உக்காந்திருந்தேன். தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. இன்னும் ஒரு வாட்டி கூப்புடட்டும், பதில் சொல்லிருவோமுன்னு நெனைச்சேன். கூப்புட்டாக. சரி, இன்னும் ஒரு வாட்டி. கொஞ்ச நேரந்தான் தம்பி. அடுப்புல ஒல கொதிக்கிற நேரங்கூட இருக்காது.

அதுக்குள்ள காத்து திரும்பும்னு எனக்கென்ன சோசியமா தெரியும்?

மொக்கராசு தீ வைக்கல. கோட்டுல அம்புட்டு பேரும் பந்தத்தக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக, இவன் மாட்டேங்கிறான். ஃபாரஸ்ட் வாச்சர் வந்து வையி வையின்னு கத்துறாரு. "எங்க மதினி உள்ள வரல"ங்கிறான். கடைசியில தீ தானா கோட்டத் தாண்டிருச்சு. ஓடைப் பக்கம் கோடு கொஞ்சம் ஒடுக்கமா இருக்கும். எங்க வீட்டுப் பங்கு அது. இவனுக பிரிச்சுச் செதுக்குன லட்சணம். அத ஒட்டி மொக்கராசோட இலவந்தோப்பு. பங்குனியில இலவங்காய் எப்படி இருக்கும்னு பாத்திருக்கீகளா? வெடிச்சு, பஞ்சு வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும். அதுல பிடிச்சது. எரியிற பஞ்சு காத்துல பறக்குது. நான் புங்கமரத்தடியில இருந்து அண்ணாந்து பாக்குறேன், என் தலைக்கு மேல நெருப்புப் பொட்டு பொட்டாப் பறந்து ஊருக்குள்ள போகுது. ரெண்டு மாட்டுக் கொட்டாய் போச்சு. ஒரு வைக்கப்படப்பு போச்சு. தோப்பு முழுசாப் போச்சு. அதுல இருந்துதான் அவன் மகளுக்குக் கல்யாணம் முடிக்கணுமுன்னு இருந்தான்.

அதுக்கு நான் என்ன செய்ய? வச்சிருக்கலாம்ல அவன்? நான்தான் உள்ள இருந்தேனே.

தவசி இருக்கான் பாருங்க, அவன் யாருகிட்டயும் கேக்காம, என்னையத் தேடிக் கோட்டத் தாண்டி மேல ஓடியிருக்கான். வீட்டுல பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு. எவனாச்சும் செய்வானா? நான் வெட்டுன வெறகுத் தடத்தப் பாத்து உள்ள போயிட்டான். திரும்பி வர்றப்ப ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. இப்ப அந்தக் கையில தொரட்டி பிடிக்க முடியல. வெரலு மடங்காது. நான் அவனக் கூப்புட்டேனா தம்பி? வான்னு சொன்னேனா? அவனா போனான். இப்பவும் எதுக்க வந்தா, "நல்லாருக்கீகளா சின்னாத்தா"ங்கிறான். கைய மட்டும் துண்டப் போட்டு மூடிக்கிறான். எதுக்கு மூடணும்? நான் பாக்கக் கூடாதாமா? கொடுத்து வச்ச கையி பாருங்க.

நெருப்பு தலைக்கு மேல பறக்கவும் எனக்குப் பயம் வந்துருச்சு. கட்டத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு ஓடையேறி வந்து அவுக முன்னால நின்னேன். "இங்கதான இருக்கேன், எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்"ன்னேன். பொகையில கண்ணெல்லாம் செவந்துபோயி என்னையப் பாக்குறாக. சுருளியம்மா அப்படியே மண்ணுல உக்காந்து தலையில கைய வச்சுக்கிட்டு அழுகுறா. ஒரு மனுசி உசுரோட வந்து நிக்கிறாளே, நல்லாருக்கியான்னு ஒரு வார்த்த வரல எவ வாயில இருந்தும். மொக்கராசுதான் கடைசியில கேட்டான். "சத்தங்கொடுத்திருக்கலாமே மதினி"ன்னு. மெதுவாத்தான் கேட்டான்.

"காது கேக்கல"ன்னுட்டேன்.

வேற என்னத்தச் சொல்ல? அது வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அவன் அதையும் விடல. சோகமெல்லாம் கொஞ்சம் அடங்குனதும், ஒருநாளு பஸ்ஸேத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். காதுக்கு மிஷினு வாங்கித் தர்றேன்னு. போறப்ப எனக்கு ஜன்னலோரம் எடம் பிடிச்சுக் கொடுத்து, ஆரஞ்சுப்பழம் உரிச்சுக் கொடுத்துக்கிட்டே வந்தான். நல்லாத்தான் இருந்துச்சு. அங்க ஒரு டாக்டர் பொண்ணு, சின்னப் பொண்ணு, காதுல எதையோ மாட்டி, சத்தம் வந்தாக் கையத் தூக்குங்கன்னுச்சு. வந்துச்சு, தூக்குனேன். திரும்பத் திரும்ப வந்துச்சு, திரும்பத் திரும்பத் தூக்குனேன். அது சிரிச்சுக்கிட்டே மொக்கராசப் பாத்து, "உங்க மதினிக்கு உங்களவிட நல்லாவே கேக்குது"ன்னுருச்சு. சின்னப் பொண்ணு, அதுக்கென்ன தெரியும்.

திரும்பி வர்றப்ப மொக்கராசு பழப்பைய மடியில வச்சுக்கிட்டே வந்தான். பழம் இன்னும் ரெண்டு மிச்சம் இருந்துச்சு, உரிக்கல. என்னன்னு கேட்டேன். "ஒன்னுமில்ல மதினி"ன்னான். அவனுக்கு அவன் கவலை.

ஆனா ஒன்னு சொல்லணும் தம்பி. அதுக்கப்பறம் ஊர்ல எனக்கொரு மருவாதி வந்திருக்கு. இப்ப மாசி பொறந்ததுல இருந்து வாரா வாரம் கூப்புட்டுப் பாக்குறாக, ஒத்திகை மாதிரி. மின்ன மாதிரி கீழக்கடைசியில இருந்து ஆரம்பிக்கிறதில்ல. மொதப் பேரு எம் பேரு. எவ்வளவு பெரிய வீடு இருந்தாலும் சரி, மொதல்ல "பவுன்தாயி வீடு." அதுவும் சும்மா சத்தங்கொடுத்தாப் பத்தாது, நான் வந்து பாறைக்குக் கீழ நிக்கணும். மொக்கராசு என்னையக் கண்ணால பாப்பான். பாத்துட்டுத்தான் அடுத்த வீட்டக் கூப்புடுவான். வேற யாருக்கு இந்த ஊர்ல அப்படிச் செய்யிறாக, சொல்லுங்க பாப்போம்?

நானும் அன்னைக்குன்னா விடிஞ்சதும் குளிச்சு, நல்ல சீலையா எடுத்துக் கட்டிக்கிட்டுத் தயாரா இருப்பேன். மொத வாட்டி முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சொன்னேன். இப்பப் பழகிருச்சு. "ஒன்னு உள்ள"ன்னு நல்லாச் சத்தமாவே சொல்றேன். அவரு இருந்தா, இப்பத்தாண்டி ஒனக்கு வாயி தொறந்திருக்குன்னு சொல்லியிருப்பாரு. சொல்லி முடிச்சதும் எல்லாரும் அவுகவுக வீட்டுக்குப் போயிருவாக. நிக்கச் சொன்னா நிக்க மாட்டாக, வேலை இருக்குன்னுருவாக. நான் கொஞ்ச நேரம் இந்தப் பாறையடியிலயே நின்னுட்டு வருவேன்.

இப்ப நீங்க சைரன் மாட்டிட்டுப் போயிருவீக. இனி கூப்புடவே வேணாமாம். ஊதுனதும் எல்லாரும் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு ஓடி வந்துரணுமாம், அங்க தலைய எண்ணிக்குவாகளாம். ஆடு மாட்ட எண்ணுற மாதிரி. மின்னாடி சொன்னேன்ல, மொக்கராசு சிரிக்கலன்னு. அவன்தான் எழுதிப் போட்டு இத வாங்கியாந்தது. ஃபாரஸ்ட் கார்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும். இனிமே பேரச் சொல்லிக் கூப்புட அவனுக்குத் தெம்பு இல்லையாம்.

ஏன் தம்பி, இதுல பேரு ஏத்த முடியுமா? நீங்க படிச்சவுக. பஸ் ஸ்டாண்டுல மைக்குல சொல்லுதுல்ல, இந்த பஸ்ஸு இங்க நிக்கிதுன்னு, அந்த மாதிரி. ஊரு பேரெல்லாம் வேணாம். ஒரு பேரு போதும். ஊதி முடிச்சதுக்கப்பறம் கடைசியில ஒருதரம் சொன்னாப் போதும். முடியாதா. சரி, முடியாட்டி விடுங்க. கேட்டுப் பாத்தேன்.

இருங்க. கேக்குதா?

கீழ. கொட்டகைப் பக்கம் இருந்து. மொக்கராசு சத்தந்தான். "சைரன் தம்பி, சைரன் தம்பி"ங்கிறான். வரச் சொன்ன ஆளக் காணோமேன்னு தேடுறான் போல. அவனுக்கும் உங்க பேரு தெரியாது பாருங்க. நானும் கேக்கவே இல்ல. இம்புட்டு நேரம் பேசியிருக்கோம்.

எந்திரிக்காதீக. சும்மா உக்காருங்க. நான் சத்தங்கொடுக்குறேன், கொடுக்காம எங்க போகப் போறேன். தீயா வருது இப்ப, ஒன்னும் வரல.

இந்தா, மறுபடியும். கொஞ்சம் பதறுறான், கொரலப் பாருங்க. சுருளியம்மாவும் சேந்துக்கிட்டா. "தம்பி, எங்க இருக்கீக தம்பி"ன்னு கேக்குறா பாருங்க, பெத்த மகனத் தேடுற மாதிரி. உங்கள அவளுக்கு யாருன்னே தெரியாது.

பேசாதீக. இன்னும் ஒரே ஒரு வாட்டி கூப்புடட்டும். கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க தம்பி, உங்களத்தான் கூப்புடுறாக.

நல்லாருக்குல்ல?